ஓடுபாதையில் வான்கோழிகள்

என் தங்கைக்குத் தாலி கட்டிய அன்று நான் இங்கிலாந்தில் ஒரு வான்கோழிக் கொட்டகைக்கு முன்னால் நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. நடுவில் நெட்டையாக ஒரு டெக்சாஸ் கிழவர், கண்கள் சிவந்து. அவருக்கு வலது பக்கம் என் கணவர், கைகளைக் கட்டிக்கொண்டு, தீபாராதனைக்கு நிற்பதைப் போல. இடது பக்கம் நான், பட்டுப் புடவைக்கு மேல் நீல ஸ்வெட்டர். கல்யாண நாளாயிற்றே என்று காலையில் பிடிவாதமாகப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டேன். யாருக்காகக் கட்டினாய் என்று கேட்டால் வான்கோழிகளுக்காக என்றுதான் சொல்ல வேண்டும்.

அது எண்பதுகளின் நடுவில். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் ஒரு அபார்ட்மென்ட்டில் இருந்தோம். என் கணவர் எண்ணெய்க் கிணறுகளுக்கு வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் எஞ்சினியர். அந்தக் கிழவர் அவருடைய பாஸ். என்னிடம் மெட்ராஸில் வாங்கிய கெமிஸ்ட்ரி எம்.எஸ்சி.யும், அமெரிக்காவில் வேலை பார்க்கக் கூடாது என்று சொல்லும் ஒரு விசாவும் இருந்தன. கணவருடைய விசாவும் முடியப்போகிற நிலையில் இருந்தது. அதற்குள் கம்பெனி அவருக்காக கிரீன் கார்டு அப்ளை பண்ண வேண்டும். அதற்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். பாஸ் மேலிடத்துக்கு ஃபோன் போட்டு, இந்த ஆள் எனக்கு வேண்டும் என்று சொல்ல வேண்டும். கார்டு வந்தால் அந்த நாட்டில் எந்தக் கம்பெனியிலும் வேலை தேடலாம், நானும் வேலைக்குப் போகலாம். வராவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டும்.

எங்கள் மாடியில் ஒரு குஜராத்திக்காரர் இருந்தார், வேறு கம்பெனி. வேலையில் சேர்ந்த முதல் மாதமே தன் பாஸிடம் லஞ்ச் சாப்பிடும்போது நேராகக் கேட்டுவிட்டார். அவரும் சரி என்று சொல்லிவிட்டார். இதை நான் என் கணவரிடம் சொன்னபோது ஏதோ அசிங்கத்தை மிதித்தவர் மாதிரி முகத்தைச் சுளித்தார்.

"இதெல்லாம் வாய் விட்டுக் கேப்பாங்களா? நம்ம ஒர்க்கைப் பார்த்துட்டு அவரா செய்யணும். பெரிய மனுஷன், அவருக்குத் தெரியாதா?"

"அவருக்கு எப்படிங்க தெரியும்? உங்க விசா டேட் எல்லாம் அவர் டைரில எழுதி வெச்சிருக்காரா? வாயில என்ன கொழுக்கட்டையா? கேளுங்களேன்."

"டைமிங் பார்த்துக் கேக்கணும். நீ பேசாம இரு."

அந்த டைமிங் வருவதற்காகத்தான் கிழவரை ஒரு நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டோம். நான் மத்தியானம் முழுக்க நின்று வடை, பிசிபேளாபாத், பாயசம் என்று செய்துவைத்தேன். அவர் வடையைப் பார்த்து இது டோனட்டா என்று கேட்டுவிட்டு அரை டஜன் சாப்பிட்டார். நல்ல மனிதர்தான். அதுதான் இந்தக் கதையில் என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துகிற விஷயம். கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன்.

பாயசம் சாப்பிடும்போது அவர் யுத்தத்தைப் பற்றி ஆரம்பித்தார். இருபது வயதுப் பையனாக டெக்சாஸிலிருந்து இங்கிலாந்துக்குப் போய், குண்டு போடும் விமானத்தில் வால் பக்கத்துத் துப்பாக்கிக்காரராக இருந்தாராம். கிழக்கு இங்கிலாந்து முழுக்க வயல்களுக்கு நடுவே ஊருக்கு ஊர் விமான தளம் போட்டிருந்தார்களாம். அவற்றை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுச் செத்துப் போக வேண்டும் என்றார். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகளுக்கு இதில் அக்கறை இல்லை, முழங்காலில் பழைய காயம், அந்த ஊரில் வண்டியை இடது பக்கம் ஓட்ட அவரால் முடியாது. சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிமிர்ந்து என் கணவரைப் பார்த்தார்.

"உங்கள் ஊரில் இடது பக்கம்தானே ஓட்டுவீர்கள்?"

"எஸ் சார்," என்றார் என் கணவர்.

நான் கையில் பாயசக் கரண்டியோடு நின்றேன். எங்கள் ஊரில் இடது பக்கம் ஓட்டுவது உண்மை. என் கணவர் ஓட்டியது இல்லை. மெட்ராஸில் அவருக்கு ஒரு சைக்கிளும் பல்லவன் பஸ் பாஸும் இருந்தன. காரின் ஸ்டியரிங்கை அவர் முதல்முதலில் தொட்டதே டெக்சாஸில்தான்.

நாங்கள் வீட்டில் பேசுவது பாதிக்குப் பாதி இங்கிலீஷ். அதை ஒரு அமெரிக்கர் எதிரில் பேசினால் ரகசியம் எல்லாம் சந்தி சிரிக்கும். அதனால் வெள்ளைக்காரர்கள் இருக்கும்போது நாங்கள் சுத்தத் தமிழுக்குத் தாவிவிடுவோம். கிரீன் கார்டு எங்களுக்குள் 'பச்சை' ஆகிவிடும். பாஸ் 'பெருசு' ஆகிவிடுவார். எட்டாம் வகுப்புத் தமிழ் வாத்தியார் கேட்டிருந்தால் ஆனந்தக் கண்ணீர் வடித்திருப்பார். இன்னொரு விதி, என்ன சண்டை போட்டாலும் முகத்தில் சிரிப்பு மாறக் கூடாது.

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். "நீங்க ஓட்டினது மிதிவண்டி. மூணு பேரையும் கொல்லப் போறீங்களா?"

அவரும் சிரித்துக்கொண்டே சொன்னார். "பச்சை கிடைக்கணுமா வேண்டாமா?"

"தங்கச்சி கல்யாணத்துக்கு வெச்சிருக்கிற விடுமுறைங்க அது."

"பெருசு தானா வந்து கேக்கறார். முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

கிழவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உங்கள் பாஷை பாட்டு மாதிரி இருக்கிறது என்றார்.

ஆக, ஆனி மாதத்தில் மெட்ராஸ் போவதற்காகச் சேர்த்துவைத்திருந்த லீவை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனோம். அப்பாவுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னபோது லைன் இரைச்சலுக்கு நடுவில், "சரிம்மா, மாப்பிள்ளையோட ஆபீஸ் விஷயம், அதுதான் முக்கியம்" என்றார். தங்கை ஃபோனுக்கே வரவில்லை. அவளிடத்தில் நான் இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

ப்ளேனில் கிழவர் முன் வரிசையில் தூங்க, என் கணவர் என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். "நீயா அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. சத்தியம் பண்ணு." எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் புருஷன் தலையில் கை வைத்துப் பண்ணிய சத்தியத்தை மீறுகிற தைரியமும் கிடையாது. கெமிஸ்ட்ரியில் இதற்கு மருந்து சொல்லித் தரவில்லை. பண்ணித் தொலைத்தேன்.

லண்டனைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஏர்போர்ட்டிலேயே காரை எடுத்து நேராகக் கிழக்கே விட்டோம். முதல் ரவுண்டானாவில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் என் கணவர் அதைச் சுற்றிக்கொண்டே இருந்தார். நவக்கிரகத்தைக்கூட அவர் அத்தனை சுற்று சுற்றியதில்லை. கிராமத்துச் சாலைகள் ஒரு மாட்டு வண்டிதான் போகலாம் என்கிற அகலம், இரண்டு பக்கமும் ஆள் உயரப் புதர்வேலி. எதிரே டிராக்டர் வந்தால் இவர் கண்ணை மூடிக்கொள்வதை நான் பின் சீட்டிலிருந்து கண்ணாடியில் பார்த்தேன். ஒரு பக்கத்துக் கண்ணாடி முதல் நாளே புதரில் போய்விட்டது. கிழவர் மடியில் மேப்பை விரித்துக்கொண்டு குஷியாக வழி சொல்லிக்கொண்டிருந்தார். தன் டிரைவர் பயந்து சாகிறான் என்பது அவருக்குத் தெரியவே இல்லை. இவர் தெரிய விட்டால்தானே.

விமான தளம் என்றதும் நான் ஏதோ மீனம்பாக்கம் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் தளத்தில் ஒன்றுமே இல்லை, பார்லி வயல்தான். யுத்தம் முடிந்ததும் கான்கிரீட்டைப் பெயர்த்து ரோடு போட எடுத்துப்போய்விட்டார்களாம். கிழவர் வரப்போரமாக நொண்டிக்கொண்டே நடந்து, ஓர் இடத்தில் நின்று, இதுதான் ஓடுபாதையின் முனை என்றார். எப்படித் தெரியும் என்றேன். தூரத்தில் தெரிந்த ஒரு சர்ச்சின் கோபுரத்தைக் காட்டினார். தன் தளத்துக்குப் போய்ச் சேர முடியாதபோது சில தடவை இங்கே இறங்கியிருக்கிறாராம். திரும்பி வரும்போது அது தெரிந்தால் பிழைத்துவிட்டோம் என்று அர்த்தமாம்.

இன்னொரு தளத்தில் கண்ட்ரோல் டவர் மிச்சம் இருந்தது. ஜன்னல் கண்ணாடி ஒன்றுகூட இல்லை. உள்ளே குருவிகள் கூடு கட்டியிருந்தன, சுவரில் பையன்கள் பென்சிலால் கிறுக்கிய பெயர்கள். அரைவட்டத் தகரக் கொட்டகைகளில் அன்று சிப்பாய்கள் தூங்கினார்களாம், இன்று பன்றிகள் தூங்கின. கிழவர் ஒவ்வொன்றுக்கும் தொப்பியைக் கழற்றினார். அவர் கழற்றும்போதெல்லாம் தொப்பி இல்லாத என் கணவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

மத்தியானம் எங்காவது கிராமத்து மதுக்கடையில் சாப்பாடு. கிழவருக்கு மாமிசம், எங்களுக்கு அவித்த உருளைக்கிழங்கும் பட்டாணியும். நான் ஹேண்ட்பேகில் ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் வைத்திருந்தேன். அதை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுத்தான் உயிர் பிழைத்தேன். ஒரு நாள் அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உங்கள் பக்கம் யுத்தம் எட்டிப் பார்க்காமல் போனது உங்கள் அதிர்ஷ்டம் என்றார் கிழவர். எனக்குச் சுருக்கென்றது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மெட்ராஸே காலியானதையும், என் அம்மா சிறு பெண்ணாகத் திருவல்லிக்கேணி வீட்டைப் பூட்டிக்கொண்டு கும்பகோணத்துக்கு ரயிலேறியதையும் சொன்னேன். சொன்ன வேகத்தில், "நீங்கள் குண்டு போட்டீர்களே, கீழே இருந்தவர்களைப் பற்றி எப்போதாவது நினைத்ததுண்டா?" என்றும் கேட்டுவிட்டேன்.

என் கணவருக்குப் பட்டாணி புரையேறிவிட்டது. ஆனால் கிழவர் கோபப்படவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் வால் பக்கம் பின்னால் பார்த்து உட்கார்ந்திருந்தவன். எனக்குப் புகை தெரியும். அப்போது நினைக்கவில்லை. இப்போது நினைக்கிறேன்" என்றார்.

ஊர்களை எரித்ததைப் பற்றி அவரிடம் கேட்க முடிந்தது. அவரும் பதில் சொன்னார். ஒரு ஃபோன் பண்ணுவீர்களா என்று மட்டும் கேட்க முடியவில்லை. சத்தியம் நடுவில் நந்தி மாதிரி உட்கார்ந்திருந்தது.

பின் சீட்டிலிருந்து நான் தினமும் தமிழில் குடைந்துகொண்டுதான் இருந்தேன். கேட்டீங்களா, எப்ப கேக்கப் போறீங்க, இங்கே என்ன பரதேச யாத்திரையா வந்திருக்கோம், எல்லாம் தேன் ஒழுகும் குரலில். முன்னாலிருந்து அவரும் அதே குரலில், வாயை மூடிட்டு வா என்பார். கிழவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் இவ்வளவு பேசிக்கொள்கிறீர்களே என்று பொறாமைப்பட்டார்.

கடைசியாக அவர் இருந்த தளத்துக்குப் போனோம். அன்றுதான் தங்கை கல்யாணம். மெட்ராஸில் அந்நேரம் முகூர்த்தம் முடிந்து, ரிசப்ஷனுக்குப் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பார்கள். அவளுக்குப் பூ வைத்துப் பின்னுவது எப்போதும் என் வேலை.

அந்த இடத்தில் ஓடுபாதை உடையாமல் முழுசாக இருந்தது. ஆனால் அதன் மேல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, நீள நீளமாக வான்கோழிக் கொட்டகைகள். கான்கிரீட் கெட்டியான தரையாக இருக்கிறது, வீணாக்குவானேன் என்று யாரோ கட்டிவிட்டார்கள். உள்ளே ஆயிரக்கணக்கில் வான்கோழிகள். ஒன்று கத்தினால் எல்லாம் கத்தின. நாற்றம் தாங்கவில்லை. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பண்ணைக்காரர் மரியாதையாக வந்து கேட்டைத் திறந்துவிட்டார். இந்த மாதிரிக் கிழவர்கள் அடிக்கடி வருவார்கள் போலிருக்கிறது.

கிழவர் இரண்டு கொட்டகைகளுக்கு நடுவில் இருந்த இடுக்கில் நடந்துபோய் நின்றார். தன் விமானம் நின்ற இடத்தைத் தேடினார், அகப்படவில்லை. அப்புறம் தகரச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு அழ ஆரம்பித்தார். குலுங்கிக் குலுங்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. ஒரு நாள் காய்ச்சல் என்று அவரைத் தளத்திலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் பறந்தார்களாம். அந்த விமானம் திரும்பவில்லை. அவருடைய வால் சீட்டில் அன்று உட்கார்ந்தவன் வேறொரு பையன். மூக்கைப் பொத்தியிருந்த முந்தானையால் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எதற்காக அழுதேன் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பையனுக்காகவும் இருக்கலாம், பூ வைக்காமல் விட்ட பின்னலுக்காகவும் இருக்கலாம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தவர் என் கணவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "என் பிள்ளைகள் செய்யாததை நீங்கள் செய்தீர்கள். உங்களுக்கு நான் ஏதாவது செய்ய முடியுமென்றால் சொல்லுங்கள். எதுவானாலும் சொல்லுங்கள்."

இதைவிடப் பெரிய டைமிங் எந்த ஜோசியரும் குறித்துத் தர முடியாது. நான் சிரிப்பு மாறாமல் தமிழில் சொன்னேன். "கேளுங்க. இப்பவே கேளுங்க. அவரே வாயைத் திறந்துட்டார்."

என் கணவரும் சிரித்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "சாவு வீட்டுல நின்னுக்கிட்டு எனக்கு இது வேணும்னு எவனாவது கேப்பானா? உனக்கு இங்கிதமே கிடையாதா?" என்றார். பிறகு கிழவர் பக்கம் திரும்பி, அதெல்லாம் ஒன்றும் வேண்டாம், உங்களோடு வந்ததே எங்கள் பாக்கியம் என்று இங்கிலீஷில் சொன்னார்.

சத்தியமாவது மண்ணாவது என்று நான் "சார்" என்று வாயைத் திறந்தேன். என் கணவரின் ஷூ என் செருப்புக் காலின் மேல் ஏறியது. நசுங்கிய விரலோடு நான் சொன்னேன், "சார், ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா?" பண்ணைக்காரர் எடுத்துக்கொடுத்தார். அதில்தான் நான் சிரிக்கிறேன். கிளம்பும்போது என் கணவர் பண்ணைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினார். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாதல்லவா? அந்த நார்ஃபோக் மாவட்டத்தில் வான்கோழிப் பண்ணைக்கும் அந்த மரியாதை செய்தவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஹூஸ்டனுக்குத் திரும்பினோம். கிழவர் ஃபோன் பண்ணுவார் என்று என் கணவர் காத்திருந்தார். "அவருக்குத் தெரியும், பாரு. இந்த வாரம் செஞ்சுடுவார்." கிழவர் ஆபீசில் இவரைப் பார்க்கும்போதெல்லாம் தோளில் தட்டிக்கொடுத்தார், இங்கிலாந்துப் போட்டோக்களை எல்லோருக்கும் காட்டினார். ஃபோன் மட்டும் பண்ணவில்லை. இதற்கிடையில் அப்பா கல்யாண வீடியோ கேசட் அனுப்பினார். அது நம் ஊர் வீடியோ சிஸ்டம், அமெரிக்காவில் வாங்கிய வி.சி.ஆரில் ஓடவில்லை. கறுப்பு வெள்ளைக் கோடுகள் உருண்டுகொண்டே இருந்தன, நடுநடுவே நாதஸ்வரச் சத்தம் இழுத்து இழுத்து வந்தது. நான் அதைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன். நீ என்ன பைத்தியமா என்றார் என் கணவர். வான்கோழிப் போட்டோ கண்ணாடி மாதிரி வந்திருக்கே, அதை வேணா பார்க்கட்டுமா என்றேன்.

பிறகு எண்ணெய் விலை தலைகுப்புற விழுந்தது. ஹூஸ்டனில் தெருவுக்குத் தெரு வீடு விற்பனைக்கு என்ற பலகை. கம்பெனியில் ஆட்களைக் கொத்துக்கொத்தாக லே-ஆஃப் பண்ணினார்கள். கிழவரைச் சீக்கிரமே ரிட்டயர் பண்ணி அனுப்பினார்கள், அதற்குக் கொஞ்ச நாளில் என் கணவரையும். மாடி குஜராத்திக்காரருக்கும்தான் வேலை போயிற்று. ஆனால் அவர் கையில் கார்டு வந்திருந்தது. நியூ ஜெர்சியில் வேறு வேலை தேடிக்கொண்டு லாரி வைத்துச் சாமான்களை ஏற்றிப் போனார். நாங்கள் மெட்ராஸுக்கு டிக்கெட் வாங்கினோம்.

பெட்டி கட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கிழவர் வந்தார், அந்த வான்கோழிப் போட்டோவைப் பெரிதாக்கி ஃப்ரேம் போட்டுக்கொண்டு. பெட்டிகளைப் பார்த்துவிட்டு, எங்கே கிளம்புகிறீர்கள் என்று கேட்டார். ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து நான் கொடுத்த காபியைக் குடித்தார். என் கணவர் வழக்கம்போல், அப்பா அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று பூசி மெழுக ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனிமேல் எந்தச் சத்தியம், எந்தத் தலை?

"சார், எங்களுக்கு கிரீன் கார்டு இல்லை. நீங்கள் ஒரு ஃபோன் பண்ணியிருந்தால் கிடைத்திருக்கும்" என்றேன்.

கிழவர் முகம் மெதுவாகச் சிவந்தது. டம்ளரைக் கீழே வைத்தார். "இவர் எனக்கு அதைச் சொல்லவே இல்லையே. உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று நினைத்தேன். அன்று அந்தத் தளத்தில் நான் கேட்டேனே. ஒன்றும் வேண்டாம் என்றாரே. திங்கட்கிழமை காலையில் பண்ணியிருப்பேனே."

என் கணவர் ஃப்ரேமின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்றைக்கு நீங்கள் இருவரும் உங்கள் பாஷையில் ஏதோ பேசிக்கொண்டீர்கள், சிரித்துக்கொண்டே," என்றார் கிழவர். "எனக்கு ஆறுதலாகத்தான் ஏதோ சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். என்ன பேசினீர்கள்?"

நான் ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். இப்பவே கேளுங்க என்று நான் சொன்னதை. சாவு வீட்டில் நின்றுகொண்டு எவனாவது கேட்பானா என்று இவர் சொன்னதை. பாதி தேசம் கார் ஓட்டிக்கொண்டு நாங்கள் பேசியது முழுக்க இது ஒன்றுதான் என்பதையும் சொன்னேன்.

கிழவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். முழங்கால் வலியோ என்னவோ, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வாசல்வரை போனார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் கணவர் எனக்கு முன்னால் படியிறங்கி ஓடி, அவருக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டார்.